நித்திரைக் குளிசை கேட்க முதல்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

"தம்பி, நித்திரை இல்லை. நல்ல குளிசையாய் ஒண்டு தாங்கோ."

கிளிநொச்சியில் மருந்துக்கடை ஒன்றின் கவுண்டருக்குப் பின்னால் 15 வருடமாக நிற்கிறேன். இந்த வசனத்தைக் கேட்காத கிழமை கிடையாது. வசனம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆளை இருத்தி நாலு கேள்வி கேட்டால் வருத்தம் வேறு வேறாக வரும். ஒருவருக்கு நித்திரை வராது. இன்னொருவருக்குப் படுத்தவுடன் வரும், ஆனால் மூச்சு நின்று நின்று அதைக் கிழித்துப் போடும். மூன்றாமவரைக் கால் படுக்க விடாது. நாலாமவர் கண்ணை மூடவே பயப்படுகிறார். முதலாமவருக்குச் சில நாள் உதவக்கூடிய குளிசை, இரண்டாமவரின் தொண்டையை இன்னும் தளர்த்தி மூச்சை அடைக்கும். டொக்டரின் துண்டு இல்லாமல் நித்திரைக் குளிசை தர மாட்டோம் என்று நாங்கள் நிற்பது சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல.

கீழே எழுதுவது வைத்தியம் இல்லை. உங்கள் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்தறிந்து, சரியான கதவைத் தட்டுவதற்கான வழி.

முதல் கேள்வி: களைப்பா, தூங்கி விழுதலா?

நமது பேச்சில் இதற்கு ஏற்கெனவே இரண்டு சொல் இருக்கிறது. பாயில் படுத்து நித்திரை கொள்வது ஒன்று. இருந்த இடத்தில் தலை சரியத் தூங்கி விழுவது மற்றொன்று. டொக்டர்மார் தேடுகிற வித்தியாசமும் இதுதான்.

மத்தியானம் சாப்பிட்டபின் ஒரு மணித்தியாலம் சரிய இடம் கிடைத்தால் உங்களுக்கு நித்திரை வருமா? கண் எரிகிறது, உடம்பு முறிகிறது, ஆனாலும் படுத்தால் வராது என்றால் அது களைப்பு. நித்திரையின்மைப் பக்கம் பாருங்கள். பஸ்ஸில், கோயில் திண்ணையில், கூட்டத்தில், ஆள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே கண் சொருகுகிறது என்றால், இரவு எத்தனை மணித்தியாலம் படுத்தீர்கள் என்பதை நம்ப வேண்டாம். உள்ளே ஏதோ உங்கள் நித்திரையைக் களவெடுக்கிறது.

இதை அளக்க ஒரு கேள்விக்கொத்து உண்டு. மெல்பேர்ண் வைத்தியர் மறே ஜோன்ஸ் 1991இல் வெளியிட்டது. எப்வேர்த் அளவுகோல் என்பார்கள். வாசிக்கும்போது, ரிவி பார்க்கும்போது, வாகனத்தில் போகும்போது என்று 8 சந்தர்ப்பங்கள்; ஒவ்வொன்றிலும் தூங்கி விழும் வாய்ப்புக்கு 0 முதல் 3 வரை புள்ளி. மொத்தம் 24. 10ஐத் தாண்டினால் காட்ட வேண்டும்.

இரண்டாவது கேள்வியை உங்களிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை. பக்கத்துப் பாயில் படுப்பவரிடம் கேளுங்கள்: இரவில் நான் என்ன செய்கிறேன்?

"படுத்தால் வருகுதில்லை. வந்தாலும் இரண்டு மணிக்கு முழிப்பு"

முதலில் வெளிக் காரணங்களைக் கழியுங்கள். குளிசைப் பையை எடுத்துப் பாருங்கள். சலம் கூடுதலாகப் போகவைக்கும் புரூசமைட்டைப் பின்னேரம் போட்டால் இரவு முழுக்க நடைதான். முட்டுக்கும் வீக்கத்துக்கும் தருகிற பிரட்னிசொலோனை மாலையில் போட்டாலும் கண் மூடாது. (நேரத்தை நீங்களே மாற்றாமல் கிளினிக்கில் கேட்டு மாற்றுங்கள்.) அப்புறம் பிளேன்ரீ. அதிலுள்ள கபீன் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணித்தியாலம் எடுக்கும். பின்னேரம் 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். வெற்றிலையோடு போடும் புகையிலையும் முழிக்க வைக்கிற சாமான்தான். கள்ளு கெதியாக விழுத்தும். பிறகு இரண்டு மணிக்கு அதுவே எழுப்பும்.

இதெல்லாம் இல்லை, ஆனால் விடிய முன்னரே முழித்து, மனம் பாரமாகக் கிடந்து, சாப்பாட்டிலும் ஆட்களிலும் நாட்டம் போய்விட்டது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் செய்யாமல் நித்திரையை மட்டும் திருத்த முடியாது. மனநலப் பிரிவுக்குப் போக வெட்கப்படுகிறவர்கள் 1926க்கு அழைத்துக் கதைக்கலாம். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். சாக வேண்டும் போல யோசனை வந்தால் வெட்கத்துக்கு இடமில்லை, அன்றைக்கே அழையுங்கள்.

மற்றவர்களுக்குக் கணக்கு இது: கிழமையில் 3 இரவுக்குக் குறையாமல், 3 மாதத்துக்கு மேல் இப்படி இருந்தால் அது நாட்பட்ட நித்திரையின்மை. இதற்கு உலகெங்கும் முதலில் சொல்லப்படுவது குளிசை இல்லை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று நீளமான பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் நடுப்பகுதி நம் வீட்டுக் கணக்குத்தான்.

பரந்தன் பக்கத்திலிருந்து ஓர் அக்கா வருவார். இரவு 8.30க்குப் படுத்து விடிய 5.30க்கு எழும்புகிறவர். இரண்டு கிழமை ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன். பாயில் கிடந்தது 9 மணித்தியாலம். நித்திரை கொண்டது ஐந்தரை. மிச்சம் மூன்றரை மணித்தியாலமும் புரண்டு, கூரையைப் பார்த்து, பேரப்பிள்ளையின் படிப்பை யோசித்து. இப்படி மாதக்கணக்கில் கிடந்தால், பாய் என்றால் முழித்திருக்கும் இடம் என்று மூளை பழகிவிடும். திருத்தம் தலைகீழாகத் தெரியும்: பாயில் கிடக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். இரவு 11க்குப் படுத்து 5க்கு எழும்புவது. பகல் சரிவு கிடையாது. படுத்து ஏறக்குறைய 20 நிமிடத்தில் வராவிட்டால் எழும்பி விறாந்தைக்கு வந்து, நித்திரை வந்த பிறகுதான் திரும்பப் போவது. மணிக்கூடு பார்க்கக் கூடாது. கிடக்கும் நேரத்தில் நூற்றுக்கு 85 பங்கு நித்திரை என்று ஒரு கிழமை நின்றால், படுக்கிற நேரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளலாம். அப்படியே படிப்படியாக.

"11 மணி மட்டும் நான் என்னத்தைச் செய்யிறது?" என்று அக்கா சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்வி. கச்சான் உடைத்தார். முதல் கிழமை என்னைத் திட்டினார், மூன்றாம் கிழமை திட்டவில்லை.

5 மணித்தியாலத்துக்குக் கீழே நேரத்தைக் குறைக்க வேண்டாம். வலிப்பு உள்ளவர்களும், இருமுனை மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும், வாகனம் ஓடிப் பிழைப்பவர்களும் இதைத் தனியாகச் செய்யவே கூடாது. முதல் நாட்களில் பகல் தூக்கம் கூடும்.

"நித்திரை கொள்ளுறன், ஆனால் கொண்ட மாதிரி இல்லை"

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த ஊரில் பிடிபடாமலே போகிற கோளாறு என்று நான் நினைப்பது இதைத்தான்.

என் அண்ணர் லொறி ஓடுகிறவர். அவருடைய முறைப்பாட்டில் குறட்டையே இல்லை. இரவில் நாலு தரம் சலம் போக எழும்புகிறேன், விடியத் தலை இடிக்கிறது, வாய் வறண்டு கிடக்கிறது, இவ்வளவுதான். சீனி பார்த்தார்கள், இல்லை. பிறஷருக்கு மூன்று விதமான குளிசை போட்டும் இறங்கவில்லை. காட்டிய ஓரிடத்தில் நித்திரைக் குளிசை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதைப் போட்ட இரண்டு இரவும் அண்ணி நித்திரை கொள்ளவில்லை.

"குறட்டை விட்டால் பறுவாயில்லை தம்பி. அது நிக்கேக்கைதான் எனக்குப் பயம்."

ஒருநாள் அங்கே தங்கி நானே பார்த்தேன். குறட்டை ஏறிக்கொண்டே போனது, ஓலைக் கூரை அதிர. பிறகு சட்டென்று சத்தம் இல்லை. நெஞ்சும் வயிறும் மாறி மாறி ஏறி இறங்கின. மூக்கால் வாயால் காற்றுப் போகவில்லை. கைபேசியில் எண்ணினேன்: 22 செக்கன். அப்புறம் கிணற்றுக்குள்ளிருந்து மேலே வந்தவர் போல ஓர் இழுப்பு, கை உதறல், மறுபக்கம் புரண்டார். ஒரு நிமிடம் கழியவில்லை, திரும்பவும். காலையில் கேட்டால், "நல்ல நித்திரை" என்றார்.

நடப்பது இதுதான். நித்திரையில் தொண்டைத் தசை தளர்கிறது, மல்லாந்து கிடந்தால் நாக்கு பின்னால் சரிகிறது, காற்றுப்பாதை ஒட்டிக்கொள்கிறது. இரத்தத்தில் ஒட்சிசன் இறங்க, மூளை பாதி முழித்துப் பாதையைத் திறக்கிறது. அந்த முழிப்பு ஆளுக்கு நினைவிருக்காது. மூச்சு 10 செக்கனுக்குக் குறையாமல் நின்றாலோ நன்றாகக் குறைந்தாலோ ஒன்று என்று எண்ணுவார்கள். மணித்தியாலத்துக்கு 5க்கு மேல் போனால் கோளாறு, 15இலிருந்து நடுத்தரம், 30ஐத் தாண்டினால் கடுமை. அடைத்த தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும்போது இதயம் விரிந்து, நீரை வெளியேற்றச் சொல்லும் ஓமோன் சுரக்கிறது. அண்ணர் நாலு தரம் எழும்பியதன் காரணம் சலப்பையில் இல்லை, தொண்டையில்.

நீங்களே எட்டு விஷயம் பாருங்கள்: கதவுக்கு வெளியே கேட்கும் குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நின்றதை யாராவது கண்டது, உயர் பிறஷர், மிதமிஞ்சிய உடம்பு, 50க்கு மேல் வயது, தையல் நாடாவில் 40 சென்ரிமீற்றரைத் தாண்டும் கழுத்து, ஆண் என்பது. மூன்று பொருந்தினால் காட்ட வேண்டும். ஐந்து என்றால் தள்ளிப்போடவே கூடாது. ஆனால் மெலிந்தவர்களுக்கும், தாடை சிறியவர்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வரும். வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடும் பிள்ளைக்குத் தொண்டையிலுள்ள ரொன்சில் வீங்கியிருக்கலாம். அது காது மூக்குத் தொண்டை டொக்டரின் வேலை.

உறுதிசெய்ய ஓர் இரவுப் பரிசோதனை வேண்டும். மாவட்ட வைத்தியசாலையில் காட்டி, தேவையான இடத்துக்குக் கடிதம் வாங்குங்கள். கடுமையானவர்களுக்கு சீபாப் என்ற இயந்திரம்: சிட்னியில் கொலின் சலிவன் 1981இல் அறிமுகப்படுத்தியது. ஒட்சிசன் கொடுக்கும் பெட்டி என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. மூக்குக் கவசத்தால் சாதாரணக் காற்றை அழுத்தத்தோடு ஊதி, தொண்டை ஒட்டாமல் பிடித்து வைக்கிறது. கரண்ட் போனால் அதுவும் போகும். இலேசானவர்களுக்குச் சரிந்து படுப்பதும், நிறை குறைப்பதும், படுக்க முன் கள்ளையும் நித்திரைக் குளிசையையும் தவிர்ப்பதும் கணிசமாக உதவும்.

வைத்தியம் தொடங்கும்வரை ஓட்டம் கவனம். 60 கிலோமீற்றர் வேகத்தில் 3 செக்கன் கண் சொருகினால் வாகனம் 50 மீற்றர் தானாக ஓடியிருக்கும். மாங்குளத்துக்கு இங்கால் ஏ9 நேர்கோடு. நித்திரைக்கு அதைவிட வசதியான வீதி இல்லை. முறிகண்டியில் எப்படியும் நிற்பாட்டுவீர்கள். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, 20 நிமிடம் ஆசனத்தைச் சாய்த்துவிட்டு எடுங்கள்.

ஒன்றைக் குழப்ப வேண்டாம். படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழும்பி இருந்தால்தான் சரி, காலும் வீங்கியிருக்கிறது என்றால் அது இதயப் பக்கம். நெஞ்சு நோவும் சேர்ந்தால் 1990 அம்புலன்ஸ்தான்.

"கால் விடுகுதில்லை"

காலுக்குள் ஏதோ ஊர்கிறது, குடைகிறது, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்று இழுப்பார்கள். நாலு சோதனை: காலை ஆட்டியே ஆகவேண்டும் என்ற உந்தல் இருக்கிறதா, சும்மா இருந்தால் கூடுகிறதா, எழும்பி நடந்தால் நடக்கும்வரை சுகமா, பின்னேரமும் இரவும்தான் மோசமா? நாலுக்கும் ஓம் என்றால் ஓய்வற்ற கால் என்ற கோளாறு. கெண்டைச் சதை கல்லாக இறுகி நொந்தால் அது வெறும் பிடிப்பு. சீனி வருத்தக்காரருக்குப் பாதம் எரிந்து விறைத்துப் பகலிலும் நின்றால் அது நரம்பு.

இதில் இரும்புச்சத்துப் பெரிய காரணம். கர்ப்பிணிகளுக்கு அடிக்கடி வரும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கும் வரும். வவுனியாக் கிராமங்களில் அந்த வருத்தம் தெரிந்த கதை என்பதால், கால் உளைவு என்று தள்ளிவிடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். கேட்க வேண்டிய இரத்தப் பரிசோதனை பெரிற்றின்; உடம்பில் சேமித்து வைத்திருக்கும் இரும்பை அது காட்டும். ஈமோகுளோபின் சரியாக இருந்தும் இது குறைந்திருக்கலாம். 75க்குக் கீழே என்றால் இந்தக் கோளாறில் இரும்பு கொடுப்பதைப் பற்றி டொக்டர் யோசிப்பார். குளிசை தந்தால் தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்கள், பிளேன்ரீயோடு வேண்டாம். பார்க்காமல் இரும்பு விழுங்கவும் வேண்டாம்.

தும்மலுக்குத் தருகிற சின்ன மஞ்சள் குளிசையை நித்திரைக்கென்று போடுகிற பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. ஓய்வற்ற காலை அது கிளப்பிவிடும். வாந்திக்குத் தரும் சில குளிசைகளும் அப்படித்தான்.

"இரவில் கத்துறார், எழும்பி நடக்கிறார்"

மணிக்கூட்டைப் பாருங்கள். படுத்து முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள், ஒரு பிள்ளை அலறி எழும்பி, கண் திறந்திருந்தும் தாயை அடையாளம் காணாமல், காலையில் ஒன்றும் நினைவில்லாமல் இருந்தால் அது இரவுத் திகில். நித்திரையில் நடப்பதும் அதே நேரத்தில், அதே ஆழ்ந்த நித்திரையிலிருந்து. பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். உலுப்பி எழுப்பாமல் மெல்லப் பாய்க்குக் கூட்டிவாருங்கள். வளவில் கட்டில்லாத கிணறு இருந்தால் கதவுக் கொண்டியை உயரத்தில் போடுங்கள். இதை அலட்சியம் செய்ய வேண்டாம். அலறலுக்குப் பதிலாக, ஒவ்வொரு தரமும் அச்சொட்டாக ஒரே மாதிரி இழுப்பு, ஓரிரவில் பல தடவை, நாக்கைக் கடித்தல் என்று வந்தால் வலிப்பாக இருக்கலாம்.

விடியற்பக்கம், முழித்தவுடன் தெளிந்து, கனவைச் சொல்லக்கூடியதாக இருந்தால் அது வேறு கூட்டம். 50 தாண்டிய ஐயா ஒருவர் கனவில் யாரோடோ அடிபட்டு, நிஜமாகவே பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியின் தோளில் குத்துகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கனவு நித்திரையில் உடம்பைக் கட்டிவைக்கும் பூட்டு அவருக்குக் கழன்றிருக்கிறது. 1986இல் அமெரிக்காவில் ஷெங்க், மஹோவால்ட் குழு பிரித்துக் காட்டிய கோளாறு. மணம் தெரியாமல் போவது, மலச்சிக்கல், கை நடுக்கம் ஆகியவையும் இருந்தால் நரம்பியல் டொக்டர் பார்க்கவே வேண்டும். பலருக்கு இது வருடங்கள் கழித்து வரும் பார்க்கின்சன் நோயின் முன்னறிவிப்பு. அதுவரை கத்தி, மண்வெட்டி எல்லாம் வேறு அறைக்குப் போகட்டும்.

மற்றது நமக்குத் தெரிந்த கனவு. 2009ஐக் கடந்து வந்தவர்களுக்கு அது என்னவென்று நான் எழுதத் தேவையில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் வயலில் ஆனைவெடி கொளுத்தினால், பாதி நித்திரையில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நிலத்தில் விழுகிற தாய்மாரை எனக்குத் தெரியும். முழிப்புக்கு நித்திரையின்மை என்று பெயர் வைத்தால் குளிசைதான் கிடைக்கும். காரணத்தைச் சொன்னால் மனநலப் பிரிவில் வேறு வழி உண்டு: வருகிற கனவின் முடிவைப் பகலில், வெளிச்சத்தில், நீங்கள் விரும்பியபடி மாற்றி, அந்த மாற்றிய கனவைத் தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது அதில் ஒன்று. மிகக் கொடிய கனவில் தொடங்காமல், சின்னதில், ஆளின் துணையோடு தொடங்குவார்கள். குறட்டையும் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மூச்சடைப்பு இந்தக் கனவுகளை மோசமாக்கும்.

கெதியாகச் சில

முழித்தும் அசைய முடியாமல், நெஞ்சில் பேய் இருந்து அமுக்குவது: கனவு நித்திரையின் பூட்டுக் கழல முன் மூளை முழித்துவிட்டது, அவ்வளவுதான். சில செக்கன், மிஞ்சினால் ஓரிரு நிமிடம். நித்திரை முழித்த நாட்களில், மல்லாந்து படுத்தால், கூடுதலாக வரும். ஒரு விரலை அசைக்கப் பாருங்கள். நூல் கட்டத் தேவையில்லை.

ஆனால் அதோடு வகுப்பில் அடக்க முடியாமல் தூங்கி விழுந்து, பலமாகச் சிரித்தால் முழங்கால் மடிகிற பிள்ளை என்றால் நார்கோலெப்சியைச் சந்தேகியுங்கள். அரிது, பெரும்பாலும் பள்ளிக்கூட வயதிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ வரும். முழிப்பைப் பிடித்து வைக்கும் ஒரெக்சின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் மூளைக் கலங்கள் அழிந்திருக்கும். அடித்துத் திருத்தக்கூடிய சோம்பல் இல்லை.

உயர்தரம் படிக்கிற மகன் 3 மணிக்குப் படுத்து 11க்கு எழும்பினால், விட்டால் நன்றாகவே 8 மணித்தியாலம் கொள்கிறான் என்றால், நித்திரை கெடவில்லை, மணிக்கூடு தள்ளியிருக்கிறது. எழும்பியவுடன் முற்றத்து வெயில், இரவில் கைபேசி வேறு அறையில், படிப்படியாக முன்னுக்கு இழுப்பது.

காலபோகத்தில் ஆனைக்குக் காவல் இருந்துவிட்டுப் பகலில் தகரக் கொட்டிலில் நித்திரை வருகுதில்லை என்பவருக்கு நோய் இல்லை, வேலை. காவலுக்குப் போக முன் ஒன்றரை மணித்தியாலம் படுங்கள். விடியத் திரும்பும்போது தொப்பியை இறக்கிக்கொண்டு வந்து, வெயில் ஏற முன் இருட்டான மூலையில் சரியுங்கள். அந்த நாட்களில் உழவு இயந்திரத்தை வேறு யாராவது ஓடட்டும்.

ஓபிடியில்

கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். "நித்திரை இல்லை" என்று அதைச் செலவழிக்க வேண்டாம். எத்தனை மாதம், கிழமையில் எத்தனை நாள், எத்தனை மணிக்கு என்ன நடக்கிறது, பகலில் தூங்கி விழுகிறீர்களா என்று சொல்லுங்கள். போடுகிற குளிசை எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு ஷொப்பிங் பையில் கொண்டுபோங்கள். பக்கத்துப் பாய்க்காரரையும் கூட்டிப்போங்கள்.

அண்ணரிடம் டொக்டர், "நித்திரை எப்படி?" என்று கேட்டார். "அதில ஒரு பிரச்சினையும் இல்லை டொக்டர்" என்றார் அண்ணர். அண்ணி ஒன்றும் கதைக்கவில்லை. கைபேசியை எடுத்து மேசையில் வைத்து வீடியோவைத் தட்டினார். இரண்டாம் தரம் குறட்டை நின்றபோது டொக்டர் கைமணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார்.